பலெர்மோவில் கோடை முகாமில் படிப்பிக்க வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, டப்ளினில் இருந்து நீங்கள் கேட்டிருந்ததை ஆறுதலாக இருந்து வாசித்தேன். இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் எங்கள் பலெர்மோவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கோடை முகாம் ஒன்றில் ஜூன் நடுவில் இருந்து ஆகஸ்ட் முடிவு வரை இடம் கிடைத்திருக்கிறது, தங்குவது ஒரு குடும்பத்தின் வீட்டில், சாப்பாடு அவர்கள் தருவார்கள், கைச்செலவுக்கும் கொஞ்சம் தருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு போதுமா, இரவில் பெண்பிள்ளை தனியே நடக்கலாமா, சனி ஞாயிறில் என்ன பார்க்கலாம், நம் ஆட்கள் இருக்கிறார்களா என்பவை உங்கள் கேள்விகள். நம் ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் இலங்கைத் தமிழர். நானும் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து, 1991இல் இங்கே வந்து சேர்ந்தவள்தான். மற்றக் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். கைச்செலவுக்குக் கொஞ்சம் என்று எழுதினீர்களே, அதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், லீவு நாள் எது, விமான நிலையத்தில் இருந்து வரும் செலவு யாருடையது, இவ்வளவும் ஒரு தாளில் இருக்க வேண்டும். அதை இங்கே கொந்திராத்தோ என்போம். சில முகாம்கள் அதற்குப் பதிலாக ‘ரிம்போர்சோ ஸ்பேசே’ என்று சொல்லும். உங்கள் செலவைத் திருப்பித் தருகிறோம் என்ற பெயரில் கையில் காசு வைப்பார்கள். கணக்கில் அது சம்பளமே இல்லை. நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு அடையாளமும் இருக்காது. பிள்ளை ஒன்று நீச்சல் குளத்தடியில் வழுக்கி விழுந்தால், அல்லது நீங்களே விழுந்து கையை முறித்தால், அப்போதுதான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

நேர விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காலை 9 மணியில் இருந்து 1 மணி வரை வகுப்பு என்று சொல்லி எடுப்பார்கள். 1 மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க ஆள் இல்லை, நீங்கள் நில்லுங்கள் என்பார்கள். பின்னேரம் கடலுக்குக் கூட்டிப் போக ஆள் போதாது என்பார்கள். இரவு வீட்டுக்கு வந்தால், தங்க இடம் தந்த குடும்பம் தங்கள் பிள்ளையோடு சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்திலேயே கதைக்கச் சொல்லும். எல்லாரும் அன்பாகத்தான் கேட்பார்கள். சிசிலி ஆட்கள் உண்மையிலேயே அன்பானவர்கள், சாப்பிடாமல் உங்களை வெளியே விட மாட்டார்கள். ஆனால் அன்பாகக் கேட்டாலும் அது வேலைதான். அதற்கு ஒரு நேரமும் விலையும் உண்டு.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், வந்த புதிதில் ஒரு வீட்டில் துப்புரவுக்கும் சமையலுக்கும் சேர்ந்தேன். சொஜோர்ணோ (வதிவிட அனுமதி) இல்லாத காலம். நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பது வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிய வந்ததும், மத்தியானம் பாத்திரம் கழுவி முடிய அவருடைய பிள்ளைகளுக்கு வகுப்பு என்றாகிவிட்டது. அதற்குக் காசு கேட்டபோது, “அது வேலையா? பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு இருப்பதுதானே” என்றார். அந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தார்கள். வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னார்கள், பிள்ளைகள் கெட்டிக்காரராம். என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. 1995 முடிவில் அப்போதைய பிரதமர் தீனியின் ஆணை வந்து, பத்திரம் இல்லாமல் வேலை செய்கிறவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றானபோது, வேலை கொடுத்தவர் கட்ட வேண்டிய பங்களிப்பையும் என் காசில்தான் கட்டினேன். அதன் பிறகும் நாள் முழுவதும் வேலை வாங்கிக்கொண்டு, தாளில் அரைநாள் என்றுதான் எழுதினார். இன்று இன்ப்ஸ் என்கிற அரசாங்க ஓய்வூதிய அலுவலகத்தில் என் கணக்கைப் பார்த்தால் அந்த வருடங்கள் பாதியாகத்தான் நிற்கின்றன. படிப்பித்த மணித்தியாலங்களோ எந்தக் கணக்கிலும் இல்லை. படிப்பிப்பது வேலை இல்லை என்று யாரும் சொல்லக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் அயர்லாந்துக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகள், வேலை செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் மாணவர் வதிவிட அட்டையோடு இங்கே வந்து சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்ய முடியாது. அறையும் சாப்பாடும் மட்டும்தானே தருகிறார்கள், இது வேலையில் சேராது என்று நினைக்க வேண்டாம். அதுவும் கூலிதான்.

சம்பளம் வாங்க உங்களுக்குக் கோதிச்சே பிஸ்காலே என்கிற வரி இலக்கம் வேண்டும். வரி அலுவலகத்தில், அதாவது அஜென்ட்சியா தெல்லே எந்த்ராத்தேயில், கடவுச்சீட்டைக் காட்டி இலவசமாக எடுக்கலாம். இந்த இலவசத்தை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் படிவத்தை நிரப்பித் தரக் காசு கேட்கும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள், நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளையின் மொழி தெரியாமையில் காசு பார்ப்பது என்ன பிழைப்பு? சந்தேகம் இருந்தால் பத்ரொனாத்தோ ஒன்றுக்குப் போங்கள். தொழிற்சங்கங்களோடு சேர்ந்து இயங்கும் உதவி அலுவலகங்கள் அவை.

மொழி என்றதும் ஒன்று. இங்கே இருபது வருடம் இருந்தும் கடைக்குப் போகப் பிள்ளையைக் கூட்டிப்போகும் ஆட்களை எனக்குத் தெரியும். இத்தாலியக் குடியுரிமை எடுத்த கையோடு லண்டனுக்குப் போய்விட்டு, அங்கே இருந்து பலெர்மோவில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களையும் தெரியும். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகப் போனார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாழ வைத்த ஊரை இப்படிப் பேசக் கூடாது. நான் வானொலியைக் கேட்டும் சந்தையில் வாய்விட்டுக் கதைத்தும்தான் இத்தாலிய மொழி படித்தேன். சிசிலிப் பேச்சும் எனக்கு விளங்கும். பல்லாரோச் சந்தையில் மீன்காரர் கூவிக் கூவி விலை சொல்லும்போது அவருடைய பேச்சிலேயே பதில் சொல்வேன். நீங்களும் வருவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகள் அழுதால் ஆங்கிலத்தில் அழ மாட்டார்கள்.

அப்புறம் ஆகஸ்ட். முகாம்காரரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். இங்கே ஜூன் தொடக்கத்தில் மூடும் பள்ளிகள் செப்டம்பர் நடுவில்தான் திறக்கும். பெற்றோர் வேலைக்குப் போவதால் ஜூனிலும் ஜூலையிலும் முகாம்கள் நிறைந்திருக்கும். ஆகஸ்ட் வந்தால் குடும்பங்கள் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடும். 15ஆம் தேதி பெர்ரகொஸ்தோ விடுமுறை, அதை ஒட்டி ஊரே மூடிக் கிடக்கும். ஆகஸ்ட் முழுக்க வகுப்பு என்று சொல்கிறவர்களிடம் எத்தனை பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை இல்லாவிட்டால் உங்களுக்குச் சம்பளம் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வெயில் சரியான வெயில். ஆபிரிக்காப் பக்கம் இருந்து ஷிரோக்கோ காற்று வீசினால் 40 பாகை தாண்டும், நமக்குப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். மத்தியானம் 1 மணியில் இருந்து 4 மணி வரை நிறையக் கடைகள் பூட்டியிருக்கும். நீங்களும் உள்ளே இருங்கள். தண்ணீர் பற்றியும் விசாரியுங்கள். 2024 வறட்சியில் இங்கே முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். கூரையில் தாங்கி உள்ள வீடா என்று கேட்டால் அவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பாதுகாப்பு. பையைத் தெருப் பக்கம் தொங்கவிட வேண்டாம், ஸ்கூட்டரில் வந்து பறிப்பார்கள், சுவர்ப் பக்கம் பிடியுங்கள். மற்றபடி கோடை இரவில் பதினொரு மணிக்கும் கைக்குழந்தையோடு தெருவில் நடக்கிற ஊர் இது. மாபியாவைப் பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் இறங்கப் போகும் விமான நிலையத்துக்கு பால்கோனே, பொர்செல்லீனோ என்ற நீதிபதிகள் இருவரின் பெயர். 1992 மே 23இல் கபாச்சியில் ஒருவர், ஜூலை 19இல் தாமேலியோ தெருவில் மற்றவர், இருவரையும் குண்டு வைத்துக் கொன்றார்கள். நான் வந்து அதிக காலம் ஆகவில்லை. குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த இடத்திலும் இதுவா என்று இருந்தது. அப்போது இங்கத்தைய பெண்கள் படுக்கை விரிப்புகளில் இனிப் போதும் என்று எழுதிப் பால்கனிகளில் தொங்கவிட்டார்கள். பயந்துகொண்டும் பெயரோடும் முகத்தோடும் நின்றார்கள். அந்த வருடத்தில் இருந்துதான் இந்த ஊரை நான் மதிக்கத் தொடங்கினேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்பா அம்மா திருச்சி என்றீர்கள், சைவமாக இருந்தால் இதைக் கவனியுங்கள்: தெருவில் விற்கும் பனெல்லே கடலை மாவில் பொரிப்பது, நம்பிச் சாப்பிடலாம். ஸ்பின்ச்சோனே என்ற தடித்த ரொட்டி பார்க்கச் சைவம் போலத்தான் இருக்கும், ஆனால் நெத்தலி போடுவார்கள். அரஞ்சினா என்ற பொரித்த சோற்று உருண்டையில் சாதாரணமாக இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் நிறைய இருக்கிறது, நான் போட மாட்டேன். நோர்மன் அரண்மனையில் உள்ள பலத்தீனாச் சிற்றாலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டியது. கிறிஸ்தவக் கோயிலுக்கு அரபுக் கைவினைஞர் செய்த மரக்கூரை. சுவர் முழுக்கப் பொன் பதித்த பைசாந்தியப் படங்கள். பிறகு பியாட்சா மரீனாவுக்குப் போய் அந்தப் பெரிய ஆல மரத்தடியில் இருங்கள். ஆஸ்திரேலிய இனமாம், விழுது விட்டு இறங்கியிருக்கிறது. காசு இல்லாத காலத்தில் எங்களுடைய ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். யாருக்கு எங்கே வேலை இருக்கிறது, யாருடைய தம்பி கொழும்பில் பிடிபட்டான், எல்லாச் செய்தியும் அந்த மரத்தடியில்தான் வந்து சேரும். கடலுக்கு மொந்தெல்லோ, பொலித்தேயாமா நாடக அரங்கடியில் இருந்து 806 பஸ். டிக்கெட்டை ஏறும் முன் வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதியுங்கள்.

ஜூலை 14 இரவு சாந்தா ரொசாலியா திருவிழா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றியவர் என்று நம்புகிறார்கள். தேர் போன்ற பெரிய வண்டி பேராலயப் பக்கம் இருந்து கடற்கரைக்கு இறங்கும், பிறகு வாணவேடிக்கை. அன்றைக்கு லீவு வேண்டும் என்பதையும் கொந்திராத்தோவிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் புனிதரின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் சைவர், கத்தோலிக்கர் என்று பார்க்காமல் ஏறிப் போவார்கள், நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு. சொஜோர்ணோ கிடைத்த கிழமை நானும் அப்படித்தான் ஏறினேன். ஞாயிறு விடிய வெயிலுக்கு முன் வெளிக்கிட்டால் வழியில் தமிழ்க் குரல் கேட்கும், அவர்களோடு சேர்ந்து நடக்கலாம். தண்ணீர்ப் போத்தலும் தோளை மூடும் துணி ஒன்றும் கொண்டுபோங்கள். முகாம்காரர் அனுப்பும் தாள் இத்தாலிய மொழியில் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன்.