வாசகர் கேள்வி–பதில்: மருத்துவத் துறைக்கான மேக்னட் பள்ளி

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு டிபேக்கி உயர்நிலைப் பள்ளியில் விண்ணப்பிக்கும்படி தெரிந்தவர்கள் எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். அது அரசுப் பள்ளிதானா? அங்கே சேர்ந்தால் அவள் மருத்துவராவது உறுதியாகிவிடுமா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: அது ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் (அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) நடத்தும் அரசுப் பள்ளிதான்; மருத்துவத் துறை சார்ந்த சிறப்புப் பாடத்திட்டத்தால் பல பகுதி மாணவர்களையும் ஈர்க்கும் மேக்னட் பள்ளி. மாவட்டத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பள்ளி மாவட்டமும் பேய்லர் மருத்துவக் கல்லூரியும் கைகோத்து 1972-ஆம் ஆண்டு அதைத் தொடங்கின. இதய அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் டிபேக்கியின் பெயர் பின்னாளில் அதற்குச் சூட்டப்பட்டது. 2017-இல் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் வளாகத்திலேயே புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்ததால், மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் இன்று அதன் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன.

மருத்துவராவது உறுதியா என்றால், இல்லை. எந்த உயர்நிலைப் பள்ளியாலும் அந்த உறுதியைத் தர முடியாது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் பொதுவாக நான்காண்டுப் பட்டப்படிப்பு, மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கேட் தேர்வு, நான்காண்டு மருத்துவக் கல்லூரி, அதன்பின் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழாண்டு வரை நீளும் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி என்று அமெரிக்காவில் அந்தப் பாதை மிக நீண்டது. இப்பள்ளி போன்றவை அந்தப் பாதையைக் குறுக்குவதில்லை. உடற்கூறியல், மருத்துவக் கலைச்சொற்கள், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் அளக்கும் முறை, தொற்றுத் தடுப்பு, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பு ஆகியவற்றைப் பதினான்கு, பதினைந்து வயதிலேயே அறிமுகப்படுத்தி, இந்த வேலை தனக்கு ஏற்றதுதானா என்று மாணவர் தாமே உணரும் வாய்ப்பைத் தருகின்றன. என் மதிப்பில் அவற்றின் பெரும்பயன் அதுதான்.

நம் வீடுகளில் மருத்துவத் துறை என்றாலே டாக்டர் என்ற ஒற்றை இலக்காகச் சுருங்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பள்ளியின் முழுப்பெயரிலேயே மருத்துவத் தொழில்கள் என்று பன்மைதான் இருக்கிறது. செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் எடுப்பவர், சுவாச சிகிச்சையாளர், ஆய்வக நிபுணர், பொது சுகாதார ஆய்வாளர் என எத்தனையோ பேர் சேர்ந்துதான் ஒரு நோயாளியைத் தேற்றுகிறார்கள். உங்கள் மகள் அவற்றுள் ஒன்றை விரும்பித் தேர்ந்தெடுத்தால், அதைத் தோல்வியாகக் கருதாத மனநிலை உங்களுக்கு இருக்க வேண்டும். அந்த மனநிலையோடு விண்ணப்பித்தால் பள்ளியும் அவளுக்குப் பயன்படும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் தர வகைசெய்யும் சட்டம் டெக்சாஸில் 1997 முதல் இருக்கிறது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் இதனினும் குறுகிய வரம்பை வைத்திருக்கிறது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட மாணவர்கள் நிறைந்த பள்ளியில் அந்த வரிசைக்குள் வருவது, அருகிலுள்ள பொதுப் பள்ளியில் வருவதைவிடக் கடினமாக இருக்கலாம். போட்டி அவளை ஊக்குவிக்குமா, வாட்டுமா என்பதைப் பெற்றவர்களான நீங்கள்தாம் கணிக்க முடியும்.

கேள்வி: வீட்டருகே பள்ளி இருக்க, நகரின் மறுகோடியிலுள்ள மேக்னட் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏன் அனுப்புகிறார்கள்? இந்த ஏற்பாடு எப்படி வந்தது?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்த பிறகும், குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்தே கிடந்ததால் பல நகரங்களில் பள்ளிகளும் அப்படியே இருந்தன. நீதிமன்ற ஆணைப்படி பேருந்துகளில் பிள்ளைகளை மாற்றி அனுப்பியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கட்டாயப்படுத்தாமல், நல்ல பாடத்திட்டத்தைக் கொண்டே எல்லாப் பகுதிப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறைக்கு ஈர்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் 1970-களில் மேக்னட் பள்ளிகள் பரவின. உங்கள் ஊரின் டவுன்வியூ வளாகத்திலும், லாஸ் ஏஞ்சலஸின் பிராவோ பள்ளியிலும் மருத்துவத் துறைக்கான மேக்னட் கல்வி நடக்கிறது. ஆகவே, இடம் கிடைத்த பிள்ளைகளைப் பாராட்டுவதோடு, வசதி குறைந்த பகுதிகளின் பிள்ளைகளுக்கு விண்ணப்பத் தகவலும் பேருந்தும் போய்ச் சேருகின்றனவா என்று கேட்பதும் நம் கடமை. அது நின்றுபோனால் இப்பள்ளிகள் தோன்றிய நோக்கமே பாதியாகிவிடும்.

கேள்வி: மருத்துவ மேக்னட் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், ரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றுகிறது என்கிறான். பள்ளியை மாற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: தலைசுற்றலுக்காக மட்டும் மாற்ற வேண்டாம். ரத்தத்தைக் கண்டு மயங்குவது பலருக்கும் இயல்பாக நேர்வது. பெரும்பாலும் பழகப் பழகக் குறையும். தொடைத் தசைகளையும் கைத் தசைகளையும் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் ரத்த அழுத்தம் சரியாமல் தடுக்கலாம் என்பதால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் அதைக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். ஆனால் ரத்தம் ஒரு சாக்கு மட்டும்தானா, பாடங்களே பிடிக்கவில்லையா என்று பொறுமையாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பள்ளியின் ஆலோசகரை இந்தப் பருவத்திலேயே சந்தித்து, இதுவரை பெற்ற கிரெடிட்டுகள் (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகள்) அடுத்த பள்ளியில் எப்படிக் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு முடிவெடுங்கள்.