காலையில் நெடுநேரம் சுற்றிக் கிளம்பும் பிக்கப்: டேங்க்கை இறக்கும் முன் ரிலேயைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் 1990 ஷெவர்லே பிக்கப், 5.7 லிட்டர், காலையில் ஏழெட்டு வினாடி ஸ்டார்ட்டர் சுற்றிய பிறகே கிளம்புகிறது, ஓடத் தொடங்கினால் குறையே இல்லை என்கிறீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்புதான் கெட்டது என்று புதுப் பம்ப் வாங்கிவிடாதீர்கள்.

இந்த வண்டியில் பம்புக்கு மின்சாரம் வர இரண்டு வழிகள். சாவியைத் திருப்பியதும் வண்டியின் கணினி 2 வினாடி ரிலேயை, அதாவது பம்புக்கு மின்சாரம் விடும் மின்சுவிட்சை, இயக்கும். ரிலே செத்துக் கிடந்தாலும், ஆயில் அழுத்தம் ஏறியதும் ஆயில் பிரஷர் சுவிட்ச் பம்பை ஓட்டிவிடும். உங்கள் வண்டி இப்போது இரண்டாவது வழியில்தான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

ஸ்டார்ட்டரைத் தொடாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிலேமேல் விரலை வையுங்கள். 'டிக்' இல்லையென்றால், கணினியிலிருந்து ரிலேக்கு வரும், வெள்ளைக் கோடுள்ள கரும்பச்சை வயரில் டெஸ்ட் விளக்கு அந்த 2 வினாடி எரிகிறதா பாருங்கள். எரிந்தால் கோளாறு ரிலேயிலோ அதன் எர்த் வயரிலோ இருக்கிறது. மறுபடி சோதிக்கச் சாவியை அணைத்துப் பத்து வினாடியாவது விடுங்கள்.

'டிக்' கேட்டும் பம்ப் முனகவில்லையா? ரிலேயைக் கழற்றி சாக்கெட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பச்சை பூத்த, வாய் அகன்ற டெர்மினல்தான் பெரும்பாலும் குற்றவாளி. வோல்ட் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பழைய லாரியில் 12 வோல்ட் காட்டிய வயரை உரித்தபோது ஒற்றை இழைதான் மிஞ்சியிருந்தது. நிறைய மின்சாரம் இழுக்கும் ஹெட்லைட் பல்பைப் பம்புக்குப் போகும் வயரில் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ரிலேயைத் தவிர்த்து பம்புக்கு நேரடி சுவிட்ச் போடும் யோசனை இருந்தால், அதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.