முன்னோர் செய்ததற்கு நாம் பெருமைப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா?

"என் தாத்தா காலத்தில் நடந்ததற்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்? அப்படியானால் அவர் செய்த நல்லதுக்கு மட்டும் நான் நெஞ்சை நிமிர்த்துவது சரியா?" என்று கேட்டிருக்கிறார் நண்பர். இரண்டாவது பாதியையும் சேர்த்துக் கேட்டதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. எங்கள் பக்கம் முதல் பாதியோடு பேச்சை முடித்துவிட்டு டீ சொல்லிவிடுவார்கள்.

வெட்கமோ பெருமையோ, அது அவரவர் மனசுக்குள் கிடக்கும் சமாச்சாரம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்தவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் செய்ததில் எது இன்னும் நம் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். இதுதான் என் பதில். எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் தாமிரபரணிப் பாசனத்து ஊர்க்காரன். பத்திரம் எழுதுவது தொழில். சாதியைச் சொல்லவில்லை, ஆற்றுக்கால் நஞ்சை வைத்திருந்த குடும்பம் என்றால் திருநெல்வேலிக்காரர்கள் மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

எங்கள் சீமையில் முன்னோர் பழி என்றதும் எல்லாருக்கும் முதலில் வருகிற பெயர் எட்டப்பன். காட்டிக்கொடுத்தவனை வைய இன்றைக்கும் அந்தப் பெயர்தான். 1799-ல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் எட்டயபுரம் ஜமீன் கிழக்கிந்தியக் கும்பினிப் பக்கம் நின்றது உண்மை. இரண்டு பாளையத்துக்கும் அதற்கு முன்பே எல்லைத் தகராறு இருந்ததும் உண்மை. ஆனால் தப்பிப்போன கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். பிடித்து ஒப்படைத்தது தொண்டைமான். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறில் தூக்கு. இதில் தொண்டைமான் பெயரைச் சொல்லி யாராவது யாரையாவது வைது கேட்டிருக்கிறீர்களா? பழி ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டது, 1959-ல் வந்த சினிமா அதற்கு மேலே வார்னிஷ் அடித்தது.

அதே எட்டயபுரத்தில்தான் 1882-ல் பாரதி பிறந்தான். அவனுக்கு அந்தப் பட்டம் கிடைத்ததே அந்த அரண்மனைச் சபையில். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது அந்த ஊர். முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தைக் கழித்து 1835-ல் கண்மூடியதும் அங்கேதான். இன்று எட்டயபுரத்தில் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் படிக்கப் போகிற பிள்ளை இதில் எதைச் சுமக்க வேண்டும் என்கிறீர்கள்? வகுப்பில் 'எட்டப்பன் ஊர்க்காரன்' என்று கேலி செய்தால் அது அநியாயம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையே 'நான் பாரதி ஊர்' என்று சொன்னால் அதை மட்டும் ஏன் தட்டிக்கொடுக்கிறோம்?

தட்டிக்கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஊர்ப் பெருமை அளவில் நின்றால் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் அது அங்கே நிற்பதில்லை. திருநெல்வேலி ஒரு காலத்தில் கட்டபொம்மன் பெயரில் மாவட்டமாக இருந்தது. தூத்துக்குடி வ.உ.சி. பெயரில். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனுக்காகவே சண்டை போட்டுச் செத்தவர். பட்டியல் சாதியான தேவேந்திரர் ஒருவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று வேறு சாதிக்காரர்கள் சிலர் கிளம்பினார்கள், தென்மாவட்டம் பற்றிக்கொண்டது. கடைசியில் அரசாங்கம் எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாக் கழகத்திலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. முன்னோர் பெருமைக்காகப் பஸ் கண்ணாடியை உடைத்தவர்களில் எத்தனை பேர் அந்த முன்னோரைப் பற்றி நாலு பக்கம் படித்திருப்பார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பஸ்ஸோடு போயிற்றா என்றால், பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. கையில் கட்டுகிற சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பையன்கள் ஆள் பிரிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறும் அடையாளமும் பள்ளிக்குள் வரக்கூடாது என்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. 'ஆண்ட பரம்பரை' என்று பைக்கில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று விடுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சரி, அப்போது குற்றவுணர்ச்சியாவது நல்லதா? பரம்பரைக் குற்றம் என்பதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நாடு இது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இன்ன சாதியில் பிறந்தவன் என்றாலே கைரேகை. பல ஊர்களில் ஆண்கள் ராத்திரி போலீஸ் கண்முன்னால் படுக்க வேண்டும். எடுத்தெறிய 1947 ஆயிற்று. நீ செய்யாததற்கு உன் பிறப்பைக் காட்டிக் குற்றம் சொன்னால் எப்படி வலிக்கும் என்பது எங்கள் தெக்கத்திச் சீமையில் பல வீடுகளுக்குத் தெரியும். ஆகவே 'உன் சாதிக்காரன் செய்தான், நீ பதில் சொல்லு' என்று கத்துகிற கூட்டத்தில் நான் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஊர்களில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை ஜாஸ்தி. ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில், சுண்ணாம்பு அடித்த பீடங்கள் நிற்கும். மாடன், அம்மன், வாதை, கன்னி என்று பெயர்கள். அவற்றில் பலதின் கதை, அநியாயமாக வெட்டுப்பட்டோ, ஓட விட்டுக் கொல்லப்பட்டோ, கிணற்றில் விழுந்தோ செத்த ஒருவரின் கதை. பீடம் போட்டுக் கும்பிடுவது பெரும்பாலும் யார் என்று விசாரியுங்கள். செத்தவர் குடும்பம் ஒருபக்கம் இருக்கட்டும், பல இடங்களில் கொன்றவர்களின் வாரிசுகள்தான். பிள்ளை தங்கவில்லை, மாடு விழுந்தது, குறி கேட்டார்கள், பழி இருக்கிறது என்று வந்தது, பீடம் போட்டார்கள்.

கோயில் கொடைத் திருவிழா ராத்திரி வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலைத் தட்டி, குடத்தில் அடித்து, கதையைத் தொடங்குவார். யார் கொன்றது, எதற்காகக் கொன்றது, செத்தவள் என்ன சொல்லி அழுதாள் எல்லாம் பாட்டில் வரும். கொன்றவனின் எள்ளுப்பேரன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்று கேட்பான். ஒளித்துவைப்பதும் இல்லை, மார்தட்டுவதும் இல்லை. அது அவன் கணக்கு, வருஷத்துக்கு ஒருதரம் ஊர் முன்னால் வாசிக்கப்படுகிறது. அவன் வரி கொடுக்கிறான், கிடா கொடுக்கிறான், சாமியாடியிடம் திட்டும் வாங்குகிறான். அவனைப் பார்த்து 'நீ கொலைகாரன்' என்று யாரும் சொல்வதில்லை. 'அது பழைய கதை, எனக்கென்ன' என்று அவனும் சொல்வதில்லை.

ஆனால் பாட்டிலும் கை வைப்பார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்கு ஜனங்கள் தோல் செருப்பு காணிக்கை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முத்துப்பட்டன் கதை அது. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொள்ளப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனார் மாடுகளைக் காக்கப் போய்ச் செத்தவன். பின்னால் வந்த சில பாடங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு முடிச்சைப் போட்டுவிட்டார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இது பிற்காலச் செருகல் என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். பெருமைக்குப் பங்கம் வராமல் முன்னோரைத் திருத்தி எழுதுகிற வேலை வாட்ஸ்அப்பில் தொடங்கியது இல்லை.

இனி என் வீட்டுக் கதை. என் பூட்டன் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர், பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். அவர் நினைவாகக் குடும்ப மலர் ஒன்று போடச் சித்தப்பா ஆசைப்பட்டார். பத்திரம் எழுதுகிறவன் என்பதால் பழைய தாள்களைப் பார்க்கும் வேலை என் தலையில். மச்சுப் பெட்டியில் நீளவாக்கில் மடித்துத் தைத்த ஒரு கணக்கு நோட்டு. கொல்லம் ஆண்டு 1098, அதாவது 1922-23. மேலே பிள்ளையார் சுழி, கீழே தமிழ் எண்கள். ஒரு பக்கத்தில் சித்திரை மாசப் பந்தல் செலவு: மோர், பானக்கம், பானை, ஆள் கூலி. அடுத்த பக்கத்தில் பண்ணையாட்கள் பற்று. ஒரு பெயருக்கு நேரே 'பழைய பாக்கி நெல் கோட்டை மூணு'. சில வரி தள்ளி, 'மேற்படியான் செத்ததில் மகன் பேரில் ஏற்றினது'. இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்து. நல்ல வடிவான கையெழுத்து.

அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-லேயே ஆயிற்று. அதனால் என்ன, கடன் என்று எழுதிக்கொண்டால் போதுமே. அந்த மாதிரிப் பாக்கியை எல்லாம் மொத்தமாக ரத்து செய்ய 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது.

சித்தப்பாவிடம் இரண்டு பக்கத்தையும் மலரில் போடலாம் என்றேன்.

"பழச எதுக்குல கிண்டுத? அந்தக் காலத்துல எல்லாரும்தான் செஞ்சாவ."

"பந்தல் எல்லாரும் வைக்கலயே சித்தப்பா. அதுக்கு மட்டும் அவரத் தனியாப் பாராட்டுதோம்."

பேசாமல் வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொண்டார். மலர் பந்தல் பக்கத்தோடு மட்டும் அச்சாகி வந்தது.

எங்கள் தொழிலில் யார் சொத்து வாங்க வந்தாலும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்வோம். தாத்தா சொத்து வரும்போது அதன்மேல் உள்ள கடனும் கூட வரும். இந்து சட்டமே இப்படித்தான் இருந்தது: தகப்பன் கடனை மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை தீர்க்கக் கடமைப்பட்டவர்கள், குடும்பச் சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு. சூதாட்டக் கடன், குடிக் கடன் மாதிரியானவை சேராது. 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அந்தக் கடமை கிடையாது. சொத்து மட்டும் வழக்கம்போல வாரிசுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. 'கைக்கு வந்த சொத்து அளவுக்கு' என்ற அந்தப் பழைய கணக்கு எனக்குப் பிடித்தது. உடம்புக்குப் பழி இல்லை, ஆனால் வயல் உன் பேரில் இருக்கிறதே.

அந்த நோட்டில் பெயர் உள்ளவரின் கொள்ளுப்பேரன் இப்போது பள்ளி ஆசிரியர். அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். அவர் தாத்தாவை எங்கள் வீட்டில் பால்பல் விழாத பிள்ளைகூட 'ஏல' என்றுதான் கூப்பிடும் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். நோட்டை அவரிடம் காட்டினேன். அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தார், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு இது வருத்தமான விஷயம்தான் சார் என்று நான் ஆரம்பிக்கும் முன்பே கையை அசைத்துவிட்டார்.

"உங்க வருத்தத்த வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? போன ஐப்பசி மழையில எங்க அம்மைய உங்க வரப்பு மேலதான் கொண்டுபோனோம். சகதியில வழுக்கி ரெண்டு இடத்துல பாடைய இறக்கி வச்சோம். அந்தப் பாதைக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவர்கள் தெருச் சுடுகாடு எங்கள் நஞ்சையைத் தாண்டி இருக்கிறது. பிசான நெல் நட்டுவிட்டால் வரப்பைத் தவிர வழி கிடையாது. வரப்பு ஒன்றரை அடி, பாடை தூக்க நாலு பேர். இத்தனை தலைமுறையாகப் பக்கவாட்டில் வயலுக்குள் இறங்கித்தான் நடந்திருக்கிறார்கள், பயிர் மிதிபட்டதென்று எங்கள் ஆட்கள் சத்தம் போட்டுமிருக்கிறார்கள். பூட்டன் நோட்டில் ஏறிய பாக்கியை இன்று யாராலும் எண்ண முடியாது. இந்தப் பாதையை நாடா பிடித்து அளக்கலாம்.

நிலம் கூட்டுப் பட்டா. பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதப் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் எழுதக் கூலி மிச்சம், அதுதான் ஒரே லாபம். பாதிப்பேர் சரி என்றார்கள். ஒரு பெரியப்பா மகன், "நிலத்த விட்டுக் குடுத்தா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றான். அடுத்து ஒரு செண்டு என்ன விலை என்று சொன்னான், அதுதான் நிஜக் காரணம். சித்தப்பா ஒரு மாசம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பாதை முகப்பில் பூட்டன் பெயரில் பலகை வைத்தால் போடுகிறேன் என்றார். எனக்கு அது கூச்சமாக இருந்தது. சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பேருதானே, வச்சுக்கிடட்டும்," என்றார். "அகலம் பன்னெண்டு அடிக்குக் குறையாமப் பாத்துக்கிடுங்க. ஆம்புலன்ஸ் வரணும்."

பெங்களூரில் இருக்கும் பங்காளி பவர் பத்திரம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். சர்வேயருக்குப் பணம் கட்டியாயிற்று, அறுப்பு முடிந்து தாள் காய்ந்ததும் அளக்க வருவார்.