48 கிலோபைட்டில் அத்தனை படங்கள் அடங்கியது எப்படி?

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் பழைய சாகச விளையாட்டுகளில் இடத்துக்கு ஒரு படம் வருகிறதே, 48 கிலோபைட் நினைவகத்தில் எப்படி அடக்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் படத்தை அவர்கள் சேமிக்கவே இல்லை. வரையும் முறையைத்தான் சேமித்தார்கள்.

1982இல் வந்த அந்தக் கணினியில் ஒரு முழுத்திரைப் படத்துக்கு 6,912 பைட் வேண்டும். திரைக்கு ஒதுக்கியது போக, மிச்சத்தில் ஆறு படம் வைத்தாலே நிரம்பிவிடும். கதைக்கு இடம் ஏது? ஆகவே கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பகுதியில் நிறம் நிரப்ப வேண்டும் என்ற எண்களை மட்டும் எழுதிவைத்தார்கள்.

எங்கள் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்கு நான்கு கோடு, மைய மண்டபத்துக்குச் சில பத்துக் கோடுகள், தண்ணீருக்கு ஒரு நிரப்பல். சில நூறு பைட்டில் குளம் தயார்! விளையாடும்போது கோடுகள் ஒவ்வொன்றாக ஓடுவதையும் நிறம் பரவுவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு அந்தத் தாமதம் மிகவும் பிடிக்கும்.

சிக்கல் நிறத்தில்தான். 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே நிறங்கள்தான் வரும். கரும்கோடும் கல்லும் நீரும் ஒரே கட்டத்தில் சந்தித்தால் ஏதாவது ஒன்று நிறம் மாறிப்போகும். கைதேர்ந்த ஓவியர்கள் மண்டபத்தின் விளிம்பைக் கட்டத்தின் விளிம்போடு பொருத்தியே வரைவார்கள்.