தூக்கமும் கவலையும்: கேள்வி பதில்

கேள்வி: பத்து மணிக்கே படுத்துவிடுகிறேன். இரண்டு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன்.

பதில்: சீக்கிரம் படுப்பதுதான் உங்கள் சிக்கல். தூக்கம் வராமலே தினமும் படுத்துக் கிடந்தால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். இதை மாற்ற ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் சொன்ன முறை இன்றும் நன்றாகப் பலன் தருகிறது. கண் சொக்கினால் மட்டும் படுங்கள். குத்துமதிப்பாக 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் பதற்றம்தான் ஏறும். மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள், ஏற்கெனவே படித்த புத்தகத்தைப் புரட்டுங்கள். கண் சொருகியதும் திரும்பப் போய்ப் படுங்கள். முதல் சில இரவுகளில் மூன்று நான்கு முறை எழ வேண்டிவரும்.

காலையில் எழும் நேரம் மட்டும் மாறவே கூடாது, விடுமுறை நாளிலும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விட்ட தூக்கத்தைப் பிடிக்கக் காலை பத்து வரை படுக்கிறார்கள், அன்றிரவுத் தூக்கமும் போய்விடுகிறது. முதல் வாரம் பகலில் அசதி இருக்கும், வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை.

கேள்வி: மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு காபி. அதுவுமா கெடுதல்?

பதில்: ஆமாம். காபியில் தூக்கத்தை விரட்டும் பொருள் கஃபீன். குடித்த கஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். பதினொன்றுக்கும் பாதி உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளக்கை அணைத்ததும் கவலைகள் வரிசை கட்டுகின்றன.

பதில்: அவற்றுக்குத் தனி நேரம் கொடுங்கள். மாலையில் 20 நிமிடம், படுக்கையறைக்கு வெளியே, ஒரு தாள். இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அடுத்து செய்ய வேண்டிய வேலை. ‘கடன்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘வியாழன் 11 மணிக்கு வங்கிக்குப் போன் செய்து தவணைத் தேதியைக் கேட்க வேண்டும்’ என்று எழுதுங்கள். செய்ய ஏதுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இரவில் அதே கவலை வந்தால், ‘நாளை மாலை பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுங்கள். அடக்கப் பார்க்காதீர்கள், அடக்கினால் இன்னும் முட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: திடீரென நெஞ்சு படபடத்து விரல்கள் மரத்துப்போகின்றன. இதயப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை என்றார்கள்.

பதில்: இதயத்தைப் பார்த்துக்கொண்டது நல்லது. நீங்கள் சொல்வது பீதித் தாக்குதலுக்கு (panic attack), அதாவது திடீரெனப் பெரும் பயம் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு, பொருந்துகிறது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் மரத்துப்போவதும் கிறுகிறுப்பும். ‘நல்லா மூச்சை இழு’ என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்காதீர்கள், அது இன்னும் கூட்டிவிடும். மூக்கால் மெதுவாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். முடிந்தவரை அந்த இடத்தை விட்டு ஓடாதீர்கள். ஓடினால் அடுத்த முறை அந்த இடமே பயமாகிவிடும்.

கேள்வி: எதிலும் நாட்டமில்லை. மனசு சரியானதும் நடைப்பயிற்சி தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: காத்திருக்காதீர்கள், செய்யச் செய்யத்தான் மனம் வரும். செருப்பை மாட்டி 10 நிமிடம் நடங்கள், போதும். நாட்டமின்மை இரண்டு வாரமாக அநேகமாக தினமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இப்படித்தான் காட்டும், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லி, அவரோடு இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.