கழுத்துக்கு ஒரு முடிச்சு, கம்பத்துக்கு ஒரு முடிச்சு

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறேன். இரண்டு பசுவும் ஒரு கிடாரியும் வளர்க்கிறேன். நைலான் கயிற்றில் செம்பனை மரத்தோடு கட்டித்தான் மேய விடுவேன். போன வாரம் கயிறு இறுகி, கிடாரிக்கு நாக்கே வெளியே தள்ளிவிட்டது. மழையில் முடிச்சு அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன். கழுத்தில் புண் இருக்கிறது. எந்த முடிச்சு போடுவது நல்லது?

பதில்: வணக்கம் ஐயா. தயங்காமல் கயிற்றை அறுத்தீர்களே, அதுதான் கிடாரியைக் காப்பாற்றியது. நீங்கள் கழுத்தில் போட்டது உருவாஞ்சுருக்கு என்று நினைக்கிறேன். மாடு இழுக்க இழுக்க அது இறுகும். கண்ணி வைக்கத்தான் அது சரி, உயிருள்ள கழுத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கழுத்துக்கு வேண்டியது நகராத வளையம். கப்பல்காரர்கள் இதைப் போலைன் என்பார்கள். போடும் முறை இது: கழுத்தைச் சுற்றிவர நுனியை நீளமாக விட்டு, மாட்டிலிருந்து கம்பத்துக்குப் போகும் பகுதியில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். வளையத்தில் நுனிப்பக்கம் மேலே இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி வந்த நுனியை வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டு, கம்பத்துக்குப் போகும் நீளக் கயிற்றுக்குப் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் மேலிருந்து இறக்கி இறுக்குங்கள். எவ்வளவு இழுத்தாலும் கழுத்து வளையம் சுருங்காது. நைலான் வழுக்கும், கயிறு தளர்வாகக் கிடக்கும்போது இந்த முடிச்சு மெல்ல நழுவலாம். அதனால் நுனியைக் கழுத்து வளையத்தோடு சேர்த்து இன்னொரு முடிச்சு போட்டுவிடுங்கள். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போகவேண்டும். கிடாரி வளர்கிற உடம்பு. மாட்டுப் பொங்கலுக்குப் புதுக்கயிறு மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விரல்விட்டுப் பாருங்கள்.

கம்பத்துப் பக்கம் நேர்மாறு. அங்கே ஒரே இழுப்பில் அவிழவேண்டும். கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை நீளக் கயிற்றின் மேலாகக் கொண்டுபோய் அரைமுடிச்சு போடும்போது முழுதாக உருவாமல், மடித்த மடிப்பை மட்டும் நுழைத்து இறுக்குங்கள். ஆபத்து வந்தால் நுனியை இழுத்தால் போதும். மாடு நுனியைக் கடித்து இழுக்கும் பழக்கமுள்ளதென்றால், நுனியை அந்த மடிப்புக்குள் செருகிவிடுங்கள். அவிழ்க்கும்போது முதலில் அதை வெளியே எடுக்கவேண்டும். வெறுமனே இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகிவிடுவது மாடு சுற்றிச் சுற்றி வந்தால் தளர்ந்துவிடும். அப்புறம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், அதுவும் லாரி ஓடும் ரோட்டில்.

செம்பனை மரத்தில் மட்டும் கட்டாதீர்கள். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை மரத்தில் துருத்திக்கொண்டிருக்கும், கயிறு அதில் மாட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் குறையும். உங்கள் கிடாரிக்கும் இதுதான் நடந்திருக்கும். திறந்த இடத்தில் இரும்பு முளை அடித்து, கயிற்றுக்கு நடுவே சுழலும் கொக்கி ஒன்று போடுங்கள். முறுக்கு விழாது.

புண்ணை இன்றே உப்புத் தண்ணீரால் கழுவி, அயோடின் மருந்து போடுங்கள். நம் ஊரில் புண்ணில் முட்டையிடும் ஒரு வகை ஈ உண்டு, அதன் புழு உயிருள்ள சதையைத் தின்னும். நாற்றமோ புழுவோ தெரிந்தால் கால்நடைத் துறை அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். ஆறும்வரை கழுத்தில் கயிறே வேண்டாம், முகத்தைச் சுற்றிப் போடும் தலைக்கயிறு போட்டுப் பிடியுங்கள்.