எழுதி முடித்த இசையை ஏன் இத்தனை முறை திருத்திப் படியெடுக்க வேண்டும்?

சேம்பர் இசை, அதாவது சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சிறு குழுவுக்கான இசை, எழுதுபவரின் ஒரு நாள் எப்படிப் போகும், திருத்துவதற்கும் படியெடுப்பதற்கும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் ஸ்டிரிங் குவார்ட்டெட்டுக்கு, அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த குழுவுக்கு எழுதுகிறேன். புதிய இசை பிறக்கும் நாள்கள் குறைவு. மற்ற நாள்களெல்லாம் ஏற்கெனவே எழுதியதோடு மல்லுக்கட்டுவதில்தான் போகின்றன. அந்த நாள்களையே நான் அதிகம் விரும்புகிறேன்.

காலை நேரம் திருத்தத்துக்கு. முந்தைய நாள் எழுதியதை எந்த வாத்தியத்தையும் தொடாமல், கணினியில் ஒலிக்கவும் விடாமல், கண்ணால் மட்டும் படிப்பேன். கணினி எதையும் வாசித்துவிடும் என்பதுதான் சிக்கல். மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளே பெயர். வயோலாவின் தடித்த தந்தி சி, அடுத்தது ஜி. அந்த ஜிக்குக் கீழே இருக்கும் இரண்டு ஸ்வரங்களை, கீழ் சியையும் அதற்கு மேலுள்ள ஈயையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சேர்த்து வாசிக்க வழியே இல்லை. இரண்டும் ஒரே தந்தியில் இருக்கின்றன. பியானோவிலோ இரண்டும் இடது கையில் சுகமாக விழும். கணினியும் தயங்காமல் ஒலிக்கும். வயோலா வாசிப்பவர்தான் வில்லை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

வில்லிலிருந்து விரலுக்கு மாறும் இடங்களும் அப்படித்தான். பிட்சிக்காட்டோவுக்கு, அதாவது தந்தியை விரலால் மீட்டுவதற்கு, மாற ஒரு கணமாவது வேண்டும். முந்தைய ஸ்வரம் வில்லின் நுனியில் முடிந்தால் கை தந்தியை விட்டு வெகுதூரம் போயிருக்கும். பிடியருகே முடிந்தால் விரல் தந்திக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரே ஒரு மீட்டலுக்காக அதற்கு முந்தைய இரண்டு பார்களில், அதாவது தாளக் கட்டங்களில், வில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதையே மாற்றி எழுதுவேன். சில சமயம் ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டு அங்கே மௌனம் வைப்பேன். பெரும்பாலும் அந்த மௌனத்தோடு இசை முன்பைவிட நன்றாக மூச்சுவிடுகிறது.

மதியத்துக்கு மேல் படியெடுப்பு. நான்கு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது ஸ்கோர். ஒவ்வொருவருக்கும் அவர் வாசிக்க வேண்டியதை மட்டும் தருவது பார்ட். சிபேலியஸ், டோரிகோ, இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் என்று இசை எழுத உதவும் மென்பொருள்கள் எல்லாமே ஸ்கோரிலிருந்து பார்ட்டை நொடியில் பிரித்துக் கொடுத்துவிடும். கடைசியில் நானும் அதைத்தான் அச்சிடுகிறேன். ஆனால் அதற்கு முன் நான்கு பார்ட்டையும் பென்சிலால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஸ்கோரில் கண் மேலும் கீழும் ஓடுவதால் எல்லாம் சேர்ந்து நிறைவாகத் தெரியும். பார்ட்டை எழுதும்போதுதான் ஒரு மனிதர் கையில் என்ன கொடுக்கிறோம் என்பது புலப்படுகிறது. இரண்டாம் வயலினுக்கு ஒரு பக்கம் முழுக்க இரண்டே ஸ்வரங்களை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள், கை சலித்துவிடும். என் கை சலிக்கும் இடத்தில் வாசிப்பவரின் மனமும் சலிக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே நிறுத்தி, முதல் வயலினின் மெட்டிலிருந்து ஒரு துண்டை அவருக்குத் தர முடியுமா என்று தேடுவேன்.

ஸ்வரத்தின் பெயரும் படியெடுக்கும்போது மாறும். ஃபிளாட் என்றால் ஸ்வரத்தை அரைப்படி இறக்குவது, ஷார்ப் என்றால் அரைப்படி ஏற்றுவது. அதனால் டி ஃபிளாட்டும் சி ஷார்ப்பும் பியானோவில் ஒரே கட்டைதான், பெயர் மட்டும் வேறு. வயோலாவில் ஏ ஃபிளாட் ஒலிப்பதால் செல்லோவுக்கு டி ஃபிளாட் என்று எழுதியிருப்பேன். ஸ்கோரில் அது சரி. செல்லோவின் தாளில் மட்டும் பார்த்தால் டி, டி ஃபிளாட், மறுபடியும் டி என்று கண் தடுமாறும். அதையே சி ஷார்ப் என்று எழுதினால், டியை நோக்கி ஏறத் துடிக்கும் ஸ்வரமாக அது விரலுக்கு வந்து சேரும். வயோலாவோடு இணைவது முக்கியமா, டியை நோக்கிப் போவது முக்கியமா? எழுதியவரைத் தவிர யாரும் இதை முடிவு செய்ய முடியாது.

பக்கம் திருப்ப மௌனம் வரும் இடம் வேண்டும். அதற்காகப் பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டாலும் தவறில்லை.

பெரிய இசையமைப்பாளர்களும் இப்படித்தான் உழைத்தார்கள். பேத்தோவன் தன் ஓபஸ் 18, அதாவது 18ஆம் படைப்பு எண் கொண்ட, வரிசையின் முதல் குவார்ட்டெட்டை 1799இல் நண்பர் கார்ல் அமெண்டாவுக்குக் கொடுத்தார். 1801இல் அவருக்கே கடிதம் எழுதி, அதை யாருக்கும் தர வேண்டாம், நிறைய மாற்றிவிட்டேன், குவார்ட்டெட்டைச் சரியாக எழுத இப்போதுதான் கற்றுக்கொண்டேன் என்றார். பிராம்ஸ் 1854இல் வெளியான தன் பியானோ டிரியோவை, அதாவது பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான இசையை, 1889இல் மறுபடியும் கையில் எடுத்துப் பெருமளவு மாற்றினார். படியெடுப்பைப் பற்றி என்றால் 1825இல் பேத்தோவன் தனக்கு உதவியாக இருந்த வயலின் கலைஞர் கார்ல் ஹோல்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஏ மைனர் குவார்ட்டெட்டின் படிகளில், ஸ்வரத்தின் மேல் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடும், கோடு இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் வந்துவிடக் கூடாது என்று அதில் வற்புறுத்துகிறார். புள்ளிக்கும் சின்னக் கோட்டுக்கும் வில் தந்தியை விட்டு எழும் விதமே வேறு. அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் என் வேலையின் மீது மரியாதை கூடுகிறது.

மாலையில் பார்ட்டையும் ஸ்கோரையும் அருகருகே வைத்து, பார் எண்களில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். செல்லோ நீண்ட நேரம் காத்திருந்து நுழையும் இடத்தில், அதற்கு முன் ஒலிக்கும் வேறொரு வாத்தியத்தின் வரியைச் சிறிய எழுத்தில் தர வேண்டும். அது செல்லோக்காரரின் காதில் தெளிவாக விழும் வரியாக இருக்க வேண்டும். உள்ளே முணுமுணுக்கும் இரண்டாம் வயலினைக் கொடுத்துப் பயனில்லை. ஒத்திகை முடிந்ததும் வாத்தியக்காரர்கள் பென்சிலால் குறித்தவற்றை வாங்கி ஸ்கோரில் ஏற்றுவேன். மறுநாள் காலை திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கும்.

நீங்களும் எழுதுகிறவரானால், பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கான பார்ட்டுகளைத் தாராளமாக வேறொருவரிடம் கொடுங்கள். தனி ஆளால் ஆகாத வேலை அது. நான்கு பேருக்கான இசையை மட்டும் உங்கள் கையாலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள். முதல் வயலினில் தொடங்க வேண்டாம், மெட்டு அங்கே இருப்பதால் எல்லாம் நன்றாகவே தெரியும். வயோலாவில் தொடங்குங்கள்.